வலிப்புக்காகக் காத்திருந்த ஆறு நாட்கள்

என் கையிலிருந்த மரக்கரண்டியைக் காளியம்மாள் அக்கா பிடுங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. தராசில் அலுமினியப் பவுடரின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து, கலவை அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை. தூங்கி எழுந்தால்கூடத் தூங்கினோம் என்ற நினைப்பு மிச்சமிருக்கும். இதில் அதுவும் இல்லை.

"இன்னிக்கோட நாலாவது தடவ பாக்கேன் தம்பி," என்றார் அக்கா. கரண்டி அவர் கையில் இருந்தது. "வாய மெல்லுறீக. வலது கையால சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழட்டுறீக. இடது கை கட்டையா நிக்குது. கூப்பிட்டா திரும்பிப் பாக்கீக, ஆனா உள்ள ஆளு இல்ல."

"தலைசுத்தல்க்கா. காலையில சாப்பிடல."

"எம் மக அடுத்த அறையில பூச்சட்டிக்கு மருந்து செலுத்துறா. முதலாளிகிட்ட நீங்களாச் சொல்லுறீகளா, நான் சொல்லவா?"

சிவகாசி அருகே நாரணாபுரம் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் நான் ஃபோர்மேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எந்த மருந்து எந்த அளவில் கலக்கப்படுகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இரும்புச் சாமான் ஏதும் உள்ளே வந்துவிட்டதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியவன். பெயர் முருகேசன். ஆனால் அங்கே என்னை எல்லோரும் 'மூக்கு ஃபோர்மேன்' என்பார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. எங்கோ ஏதோ கருகுகிறது என்று சொல்லி மூன்று முறை எல்லா அறைகளையும் காலி செய்யவைத்தேன். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு எழும்பும். உடனே அந்த வாடை வரும். ரப்பரும் முடியும் சேர்ந்து கருகுவது போல. மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் தேடுவோம். ஒன்றும் இருக்காது. ஆனாலும் முதலாளி எல்லோர் முன்னாலும், "ஃபோர்மேன்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கருகுவது என் தலைக்குள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆனால் நினைவு தப்புவது எனக்குத் தெரிந்தே இருந்தது. பேச்சின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். எதிரில் இருப்பவர் முகம் மாறியிருக்கும். ஆறேழு மாதம் அதை மறைத்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அந்த ஆறேழு மாதமும் நான் வெடிமருந்து அளந்தேன் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. என்னைப்போல் மறைத்து வைத்திருக்கும் யாராவது இதைப் படிக்கலாம். அதற்காகத்தான் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

அக்கா கரண்டியைப் பிடுங்கிய அன்று மத்தியானமே முதலாளியிடம் சொன்னேன். அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "நாளையிலேர்ந்து லேபிள் குடோனுக்குப் போயிருங்க. மருந்துப் பக்கம் வராதீக. மொதல்ல டாக்டரப் பாருங்க," என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் அச்சாபீஸில் காலண்டர் கட்டும் வேலை பார்க்கிறாள். பேப்பர் வெட்டிக் காய்த்த விரலால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலுக்குப் பார்ப்பது போல.

"சாப்பிடுறப்ப சில நேரம் கைய அப்படியே வச்சுக்கிட்டு இருப்பீக. நான் ஏதோ ஆபீஸ் யோசனைன்னு நெனச்சுட்டேன்," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, தான் கவனிக்கவில்லையே என்று.

விருதுநகரில் பார்த்த நரம்பு டாக்டர் அரைமணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார். அந்த வாடை, அந்த வயிற்று எழுச்சி, பொத்தான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "சின்ன வயதில் கடும் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா?" என்றார். கூட வந்திருந்த என் உடன்பிறந்த அக்காள் உடனே சொன்னாள்: "ரெண்டு வயசுல ஜன்னி கண்டுச்சு சார். ரொம்ப நேரம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. பொழைக்க மாட்டான்னே நெனச்சோம்." நாற்பது வருடம் கழித்து அது முதல் முறையாக என் காதில் விழுந்தது.

வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூளையின் ஒரு மூலையில் மட்டும் தொடங்கி அங்கேயே சுற்றிவிட்டு அடங்குகிற வலிப்பும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கமாக இருக்கிற மூளைப் பகுதிக்கு வாசனையோடும் நினைவோடும் தொடர்பு உண்டு. அங்கே தொடங்கினால் இல்லாத வாடை வரும். நினைவு பதியாது.

மாத்திரை தொடங்கினேன். கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி வந்தது. மாத்திரையை மாற்றினார்கள், இன்னொன்றைச் சேர்த்தார்கள். மூன்றாம் வருடம் விருதுநகர் பேருந்து நிலையத்தில் பெரிதாகவே வந்து, நின்ற இடத்தில் விழுந்து தோள்மூட்டு விலகியது. அதன் பிறகுதான் மதுரைக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு. வெளியே நீளமான பெஞ்சுகள். பெரிய பெரிய ஸ்கேன் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது சற்று நேரம் பேசாமல் வெறித்துப் பார்த்தால் பக்கத்திலிருப்பவர் மெல்ல அவர் கையைத் தொடுவார். அங்கே யாரும் யாரையும் பார்த்து ஒதுங்குவதில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

தலையைக் குழாய்க்குள் வைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வலது பக்கம் ஒரு வடு தெரிந்தது. ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்ன உறுப்பு, நினைவைச் சேர்த்து வைக்க உதவுவது, சுருங்கிப் போயிருந்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டால் குணமாக வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒரு சிக்கல். தலையின் மேல் ஒயர் ஒட்டி எடுக்கிற இ.இ.ஜி. பதிவில் இடது பக்கத்திலும் சந்தேகம் வந்தது. மூளையின் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது மின்சாரத்தில். அந்த மின்சாரத்தைக் கோடுகளாக வரைந்து காட்டுவதுதான் இ.இ.ஜி.

"ரெண்டு பக்கமும் தொடங்குதுன்னா ஆபரேஷன் பண்ணக்கூடாது. ஒரே பக்கம்தான்னு உறுதியாகணும். அதுக்கு வலிப்பு எங்க தொடங்குதுன்னு உள்ளேயிருந்தே பாக்கணும்," என்றார் டாக்டரம்மா. "மண்டையோட்டில் சின்னச் சின்னத் துளை போட்டு, முடி மாதிரி மெல்லிசான ஒயரை உள்ள வைப்போம். அப்புறம் மாத்திரையைக் குறைப்போம். வலிப்பு வரும்வரைக்கும் காத்திருப்போம்."

பேச்சி இரண்டு தடவை கேட்டாள். "வரணும்னுட்டா? வலிப்பு வரணும்னுட்டா காத்திருக்கப் போறோம்?"

"ஆமாம்மா. வந்தாத்தான் தெரியும்."

"ரொம்ப நாள் வரலன்னா?"

"ஒயர் உள்ள இருக்க இருக்கக் கிருமி ஏற வாய்ப்பு கூடும். பத்து நாளைக்கு மேல வைக்க மாட்டோம். எடுத்துடுவோம்."

எதுவும் தெரியாமலேயே எடுத்துவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம்.

மொட்டைத் தலையில் கட்டு. கட்டுக்குள்ளிருந்து பின்னல் போல ஒயர்கள் இறங்கிச் சுவரிலிருந்த பெட்டிக்குள் போயின. மேலே ஒரு காமிரா, பகலும் இரவும் என்னையே பார்த்தது. கட்டிலை விட்டு நாலடிக்கு மேல் போக முடியாது. கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். வாடை வந்தாலோ, பேச்சி பார்த்து ஏதாவது மாறுதலாகத் தெரிந்தாலோ அழுத்த வேண்டும்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் மாத்திரையைப் பாதியாக்கினார்கள். வரவில்லை. மூன்றாம் நாள் மாத்திரையே இல்லை. அன்றைக்கும் வரவில்லை. மூன்று வருடமாகப் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் குளியலறையிலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஒன்று, கூப்பிட்டு உட்காரவைத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. பேச்சி இருக்கன்குடி மாரியம்மனுக்கு, எனக்கு வலிப்பே வரக்கூடாதென்று நேர்ந்திருந்தாள். நான்காம் நாள் காலையில் கையைக் கூப்பி, "தாயே, ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பழைய நேத்திக்கடனே இருக்கட்டும்," என்று அவள் வாய்விட்டு வேண்டியதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

படுத்தபடியே இருக்கும் எனக்கு ஜன்னல் தெரியாது. பேச்சி ஜன்னலோரம் நின்று கீழே தெருவில் நடப்பதை எனக்குச் சொல்வாள். "இளநிக்காரர் வந்துட்டாரு. ஒரு பொம்பள பேரம் பேசுறா. கொடுக்க மாட்டேங்கிறாரு. போயிட்டா. திரும்பி வாரா." அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தெரு முழுவதும் தெரிந்தது. இன்றைக்கும் அந்தத் தெருவில் நடந்தால் ஏற்கெனவே வாழ்ந்த இடம் போலிருக்கிறது.

நான்காம் நாள்தான் நிவேதா வந்தது. டாக்டர் இல்லை, கணக்குப் படித்துவிட்டு இந்தப் பதிவுகளை ஆராய்ச்சி செய்கிற பெண். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். "சிவகாசியா அண்ணாச்சி? நான் ஆலங்குளம்தான். அப்பா சிமெண்ட் ஆலையில இருந்தாங்க," என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. என் பதிவைத் தன் ஆராய்ச்சிக்கும் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டது. நானும் ஒரு கேள்வி கேட்டேன்.

"சராசரியா எனக்கு வாரத்துக்கு ரெண்டு வரும். நாலு நாளா வரல. கணக்குப்படி எப்ப வரும்?"

"சராசரி இதுக்கு உதவாது அண்ணாச்சி," என்றது நிவேதா. "வெம்பக்கோட்டை அணைக்கு எம்புட்டு உயரம் கரை போடணும்னு கேட்டா, வருஷத்துச் சராசரி மழையை வச்சுச் சொல்லுவீங்களா? பெருமழை பெஞ்ச அந்த ஒருநாளைத்தான் பாக்கணும். எப்பவாச்சும் வருது, வந்தா எல்லாத்தையும் புரட்டிப் போடுது. அந்த மாதிரி விஷயத்துக்குன்னே தனிக் கணக்கு இருக்கு. வெள்ளம், பூகம்பம், கரண்டு மொத்தமா போறது, வலிப்பு. நான் படிக்கிறது அதான்."

அது தன் கணினியைத் திருப்பி என் முன்னால் வைத்தது. திரை முழுக்கக் கோடுகள், மேலிருந்து கீழாக அடுக்கி. ஒவ்வொரு கோடும் என் தலைக்குள் ஓர் இடம். எல்லாம் சன்னமாக நடுங்கிக்கொண்டு ஓடின. திடீரென்று ஒரு கோட்டில் ஒரு கூர்முனை எழுந்தது. பக்கத்துக் கோட்டில் சிறிதாக ஒன்று. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

"இது என்ன?"

"பொறி. இது நேத்து மத்தியானம். நீங்க இந்த அக்காகூடப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"தெரியாது. அணைஞ்சிருச்சுல்ல."

நிவேதா வேகமாக ஓட்டிக் காட்டியது. கூர்முனைகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவை ஒரே கோட்டில் எழுந்து அங்கேயே அடங்கின. சில நாலைந்து கோடுகளுக்குப் பரவின. வெகு சில, பத்துப் பன்னிரண்டு கோடுகளை ஆட்டிவிட்டு ஓய்ந்தன. சின்னது எண்ண முடியாத அளவு. பெரிதாக ஆக ஆக எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போகிறது. நான் சோறு தின்றேன், சிரித்தேன், இளநீர்க்காரரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் உள்ளே பொறி விழுந்துகொண்டும் அணைந்துகொண்டும் இருந்திருக்கிறது.

பதினாறு வருடம் பயர் ஆபீஸில் இருந்தவன் நான். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவில் இடம் விடுவோம், ஒன்றில் பிடித்தால் மற்றதற்குத் தாவாமலிருக்க. ஓர் அறையில் மருந்தும் குறைவு, ஆளும் குறைவு. இவ்வளவு செய்தும் ஒரு பொறி விழுந்தால் பேச்சில்லை.

"மூளையில அறைக்கு நடுவில இடம் விட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. அதான் அதிசயம். எட்டாயிரம் கோடிக்கு மேல செல்லு. ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்கான செல்லுகூடப் பிணைஞ்சு கெடக்கு. எங்க தட்டினாலும் நாலு தாவல்ல எங்க வேணாலும் போயிரலாம். அப்படி இருந்தாத்தான் யோசிக்க முடியும்."

"பின்ன எப்படி அணையுது?"

"செல்லுல ஒரு பங்குக்கு அடக்குறது மட்டும்தான் வேலை. பக்கத்துல ஒண்ணு துள்ளுனா இது அமுக்கும். அது எப்பவும் நடந்துக்கிட்டே இருக்கு. உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான். உங்களுக்கு அந்த வடு இருக்கிற இடத்துல பொறி கொஞ்சம் ஜாஸ்தி, அம்புட்டுத்தான்."

பேச்சி அதுவரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப வருஷம் பூரா வந்த வலிப்ப விட, வராமப் போன வலிப்புதான் ஜாஸ்தியா?" என்று கேட்டாள்.

நிவேதா அவளைத் திரும்பிப் பார்த்தது. "ஆமாக்கா. பல மடங்கு ஜாஸ்தி. நாங்க இதை இம்புட்டு நேராச் சொன்னதில்ல," என்றது.

ஐந்தாம் நாள் முழுக்க எனக்குப் பயம் வேறு மாதிரி ஆகியிருந்தது. வலிப்பு வருவதைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னையறியாமல் என்னை இத்தனை வருடம் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்தக் கோடானுகோடி அடக்கும் செல்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நான் நன்றி சொல்ல முடியாத கூட்டம். நான் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. முதலாளி என்னைப் பாராட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். பேச்சி கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது வயிற்றிலிருந்து அந்த எழுச்சி, அந்த வாடையின் தொடக்கம். பொத்தானை அழுத்தியதாக ஞாபகம். மீதியைப் பேச்சிதான் சொன்னாள்.

"'பேச்சி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னீக. மொகம் மாறிருச்சு. கத்தியத் தூரப் போட்டுட்டு நானும் பொத்தானை அமுக்குனேன். நர்சு ஓடி வந்தாக. 'முருகேசன், இது என்ன கலரு, கையத் தூக்குங்க'ன்னு கேட்டாக. நீங்க பாட்டுக்கு மெல்லுறீக. எனக்குப் பயமே இல்லங்க. வந்துருச்சு வந்துருச்சுன்னு சந்தோசமா இருந்துச்சு. ரெண்டு நிமிசம் கழிச்சு உங்க மொகத்தப் பாத்ததும் ஏன் சந்தோசப்பட்டேன்னு அழுகையா வந்துருச்சு."

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வந்தன. போதும் என்று மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். மூன்றும் வலது பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தன. இடது பக்கம் தெரிந்தது வலதிலிருந்து தாவிப் போனதுதான். ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. நான் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சிலர் பார்த்துவிட்டு உடைந்துபோவார்கள் என்று தயங்கினார். பேச்சி, "அவருக்குப் பாக்கணும்மா. தொழில் அப்படி," என்றாள்.

திரையின் ஒரு பாதியில் நான் கட்டிலில் இருந்தேன், மறுபாதியில் கோடுகள். வலது பக்கத்து ஆழமான ஒயரில், ஒரே ஒரு கோட்டில், சின்ன நடுக்கம். கட்டிலில் இருந்த நான் கொய்யாப்பழத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நடுக்கம் பக்கத்துக் கோட்டுக்குப் போனது. பிறகு அந்த ஒயர் முழுவதும். நான் பொத்தானை எடுத்தேன். பிறகு நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பல கோடுகள் ஒரு கணம் தட்டையாகிவிட்டன, எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, எல்லாக் கோடும் ஒரே தாளத்தில் அடிக்கத் தொடங்கின. எப்போதும் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிற கூட்டம், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது போலிருந்தது. அத்தனை செல்லும் வேலை செய்கிறது. ஆனால் கட்டிலில் நான் இல்லை.

பிறகு நின்றது. மெல்ல மெல்ல ஓயவில்லை. அங்கே இருந்த எல்லாக் கோடும் ஒரே நொடியில் நின்றன.

"நிப்பாட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

டாக்டரம்மாவும் நிவேதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூளையேதான். எப்படின்னு கொஞ்சம் தெரியும். முழுசா எங்களுக்கும் தெரியாது," என்றார் டாக்டரம்மா.

போகும் முன் நிவேதா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. இரண்டிலும் அதே கோடு, அதே சின்ன நடுக்கம், முதல் ஒரு நொடி மட்டும். "இதுல ஒண்ணு அணைஞ்சு போச்சு. ஒண்ணு முழு வலிப்பாச்சு. வலிப்பானது எது, சொல்லுங்க பாப்போம்." நான் நன்றாகப் பார்த்துவிட்டு வலது பக்கத்துப் படத்தைக் காட்டினேன். அதுதான் அணைந்துபோன பொறி; நான் சொன்னது தப்பு.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி, எழுதி வைக்கலேன்னா," என்று சிரித்தது. "சின்னப் பொறியோட அதே வரிசையில வர்றதுதான் பெரிய வலிப்பா, இல்ல அது தனி ரகமா, இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். என்னிக்காச்சும் ஒருநாள், வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லிருவோம்." எழுந்து போகும்போது மறுபடி திரும்பி, "சொல்லணும்," என்று திருத்திக்கொண்டது.

ஒயர்களை எடுத்துவிட்டு, புண் ஆறியதும் ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முந்தைய நாள் காளியம்மாள் அக்கா வந்தார். மகளோடு பேருந்து பிடித்து வந்திருந்தார். பையில் சாத்தூர் காராச்சேவு. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எம் மேல கோவமா தம்பி?"

"ஐயோ அக்கா. நான்தான் உங்க மொகத்துல முழிக்க முடியாம இருக்கேன். அடுத்த அறையில உங்க மக இருக்கான்னு தெரிஞ்சுதான் நான் மருந்து அளந்தேன்."

அக்கா உடனே 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. "அது தப்புதான்," என்றார். பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "அந்த மூணு தடவையும் எங்கள வெளிய கெளப்பி விட்டீகளே, அதுவும் ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. என் தலைக்குள்ளதான் கருகிருக்கு."

"போகட்டும். அரைமணி நேரம் மரத்தடியில காத்தாட உக்காந்தோம்," என்றார். அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காராச்சேவு தின்ன எனக்கு அன்று அனுமதி இல்லை. பேச்சிதான் தின்றாள், எனக்குப் பதிலாக என்று சொல்லி.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் இல்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். எழுந்தபோது தலை பாறாங்கல்லாக இருந்தது. பேச்சி குனிந்து, "நான் யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். "நம்ம மக பேரு?" சொன்னேன். "நாளைக்கு என்ன பலகாரம் வேணும்?" என்றாள். அது டாக்டர்கள் சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை. வாடாமல் வதங்காமல் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாளாம். நர்ஸ் சொன்னார்.

ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல மாட்டேன். புது இடத்துக்குப் போனால் வழி சட்டென்று பிடிபடுவதில்லை. ஒருமுறை பார்த்த முகம் மறுமுறை புதிதாகத் தெரிகிறது. மாத்திரை இன்னும் தொடர்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, வலிப்பு வரவில்லை. குடோன் வேலையிலேயே இருக்கிறேன். மருந்தறைக்குத் திரும்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை; கேட்டாலும் போக மாட்டேன். இனி வராது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம் என்று நிவேதாவிடம் போனில் கேட்டேன். "வராத ஒவ்வொரு நாளும் உங்க பக்கம்தான் அண்ணாச்சி. ஆனா பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். எனக்கே பூஜ்யம் இல்ல," என்றது. ஏனோ அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் வருடாந்திரப் பரிசோதனை. இந்த முறை தலையின் மேல் மட்டும் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள். பதிவு எடுக்கிற தம்பி திரையைப் பேச்சி பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

"ஏன் தம்பி, பின்பக்கத்துக் கோடெல்லாம் சீப்பு மாதிரி சீரா ஓடுதே, இது சரியா?" என்று பேச்சி கேட்டது காதில் விழுந்தது.

"ரொம்ப சரிக்கா. கண்ணை மூடி நிம்மதியா இருந்தா அப்படி ஓடும். இப்ப அண்ணனைக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்க, பாருங்க."

"ஏங்க, கண்ணத் தொறங்க."

திறந்தேன். பேச்சி திரையைப் பார்த்தபடி வாயில் கை வைத்தாள்.

"நான் சொன்னதும் கலைஞ்சு போச்சு!"

"பாக்க ஆரம்பிச்சிட்டாருல்ல. மூளை வேலைக்குப் போயிருச்சு," என்றார் அந்தத் தம்பி.

பேச்சி ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள். ஒரு கையை என் கை மேல் வைத்துக்கொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"மூடுங்க," என்றாள்.

மூடினேன். அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

"தொறங்க."

திறந்தேன்.

"இன்னொரு தடவ மூடுங்க."